தொப்பிக்காரரின் கனவு நகரங்கள்

நெய்வேலி வரைபலகையில் பிறந்த நகரியம். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பின், அளவுகோல் வைத்துக் கோடிழுத்ததுபோல் சாலைகளும், எண்ணிட்ட வட்டங்களும், ஒரே அச்சில் வார்த்த வீடுகளுமாக அது எழுந்தது. பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையே நாள்தோறும் பேருந்தில் சென்று, ஐந்தாண்டுத் திட்டங்களை மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் கற்பித்தவன் என்பதால், திட்டமிடல் என்ற சொல்லின் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

நெய்வேலி வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், வடக்கே சென்னையை ஒட்டிய இஞ்சம்பாக்கம் கடற்கரையில் ஓர் இளைஞர் எந்தத் திட்டமும் இல்லாமல் நகரங்களை எழுப்பிக் கொண்டிருந்தார். காகிதத்தில்தான். ஆனால், அவற்றைக் கண்டவர்கள் எளிதில் மறப்பதில்லை.

அவர் ஓவியர் கே. ராமானுஜம். நாற்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் பிறந்து, முப்பதுகளைத் தொட்ட சில ஆண்டுகளிலேயே, 1973-இல் மறைந்தவர். பேச்சு அவருக்கு எளிதில் வரவில்லை. ஏட்டுக் கல்வி ஒட்டவில்லை. மனநலச் சிக்கலும் இளமை முதலே உடன் வந்தது. குடும்பமும் பள்ளியும் அளக்கும் எந்த அளவுகோலிலும் தேறாத அந்த இளைஞர், சென்னை எழும்பூரை அடுத்த அரசு ஓவியக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது அக்கல்லூரி. கண்முன் இருப்பதை உள்ளபடி வரையும் பயிற்சி அங்கே நெடுங்காலம் கோலோச்சியது. தேவிபிரசாத் ராய் சௌத்ரிக்குப் பின் 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், இந்திய ஓவியன் ஐரோப்பியச் சாயலை விட்டுத் தன் மண்ணின் கோட்டைக் கண்டடைய வேண்டும் என்ற வேட்கை கொண்டவர். வழக்கமான பாடத்துக்குள் அடங்காத ஒரு மாணவனைத் திருத்த முயலாமல், அவன் போக்கில் விட்டது அவருடைய பெருந்தன்மை. நல்லாசிரியர் விருதுகளுக்கான விண்ணப்பப் படிவத்தில் இதை எழுத இடமே கிடையாது.

ராமானுஜம் வரைந்தவை எவை? குவிமாடங்களும் கோபுரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாளிகைகள். வளைவு வாயில்கள், மாடங்கள். வானில் சிறகு விரித்த உருவங்கள், நெளியும் நாகங்கள், யானைகள், தெய்வங்கள், அலங்கரித்த பெண்கள். இவற்றுக்கு நடுவே கோட்டும் தொப்பியும் அணிந்த ஒரு மனிதர். அவர் வேறு யாருமல்லர், ராமானுஜமே. நடைமுறை உலகில் தயங்கித் தயங்கிப் பேசிய அந்த மனிதர், தான் வரைந்த உலகில் அரசகுமாரனைப்போல உலா வந்தார்.

இதில் வியப்பென்ன என்று பண்ருட்டிக்காரர்கள் கேட்கக்கூடும். நவராத்திரிக்குப் பொம்மை செய்து அனுப்பும் ஊர் இது. கொலுப் படியில் தசாவதாரத்துக்குப் பக்கத்திலேயே செட்டியாரும் ஆச்சியும் கடை விரித்திருப்பார்கள். அடுத்த படியில் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் நிற்பார்கள். இது பொருந்துமா என்று எந்த வீட்டிலும் எவரும் கேட்டதில்லை. யாளியை யாரும் பார்த்ததில்லை. யாளி இல்லாத பெருங்கோயிலோ அரிது. பண்ருட்டியை அடுத்த திருவதிகைக் கோயிலின் சுதை உருவங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எவருக்கும், தெய்வங்களோடு தொப்பிக்காரர் நிற்பது அந்நியமாகத் தோன்றாது. ராமானுஜத்தின் விளையாட்டு நம்முடைய பழைய விளையாட்டுதான். அதை அவர் ஒற்றை ஆளாக, பேனாவும் மையும் கொண்டு ஆடினார்.

விளையாட்டு என்றதும் எளிதாகச் செய்தது என்று எண்ணிவிடக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் நுண்கோடுகளால்தான் அவர் இருளையும் ஒளியையும் கொண்டுவந்தார். ஓர் உள்ளங்கை அகலத்தை நிரப்பவே அக்கோடுகள் நெடும்பொழுதைத் தின்றிருக்கும். முழுக் காட்சியையும் முன்கூட்டி முடிவு செய்து, அதை நிரப்பியவை போல அந்தப் படங்கள் தோன்றுவதில்லை. ஒரு கோடு அடுத்த கோட்டை அழைக்கிறது, ஒரு மாடம் இன்னொரு மாடத்தை ஈன்றெடுக்கிறது. தாகூரும் தம் கையெழுத்துப் படிகளில் அடித்துத் திருத்திய இடங்களை இணைத்து இணைத்து விநோத விலங்குகளாக்கி, அவ்வழியே முதுமையில் ஓவியரானார். 1930-இல் பாரீஸில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது. ஆனால், தாகூருக்கு அது புகழின் உச்சியில் கிடைத்த ஓய்வு. ராமானுஜத்துக்கு அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

மனநோய்தான் அவருடைய கலைக்கு ஊற்று என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோய் அவரை வாட்டியது, உழைப்பிலிருந்து இழுத்தது, இறுதியில் கொண்டுபோனது. படங்களை வரைந்தது அந்த உழைப்பு. துன்பத்தைக் கலையின் விலையாகக் காட்டும் பேச்சு, துன்பப்படுகிறவருக்கு உதவ வேண்டிய பொறுப்பிலிருந்து நம்மை நாமே விடுவித்துக்கொள்ள நல்லதொரு சாக்கு.

அவருக்கு உதவியது எது என்று கேட்டால், ஒரு பொருளாதார ஏற்பாடு என்பேன். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயைக் கொண்டு ஓவியம் வரையலாம் என்று பணிக்கரும் மாணவர்களும் ஒரு சங்கமாகச் சேர்ந்தனர். அந்தப் பணத்தில்தான் இஞ்சம்பாக்கத்தில் மணல் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். அரசு மானியமோ பெருஞ்செல்வரின் கொடையோ அதற்கு அடித்தளம் அல்ல.

அதே 1966-இல்தான் அமெரிக்கப் பொருளியலாளர்கள் பாமோலும் போவனும் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரச் சிக்கலை விளக்கிய நூல் வெளிவந்தது. ஆலையில் ஒரு மணி நேர உழைப்பின் விளைச்சல் ஆண்டுதோறும் கூடுகிறது. நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நான்கு பேர்தான் வாசிக்க வேண்டும். ஆகவே, கலையின் செலவு ஏறிக்கொண்டே போகும், வருவாய் பின்தங்கும் என்பது அவர்கள் வாதம். அதை நான் வகுப்பில் பலமுறை கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். அக்கேள்விக்கு ஒரு விடை, எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில், துணிக்குச் சாயமேற்றிக் கொண்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சோழமண்டலம் ராமானுஜத்துக்குத் தங்க இடமும், தன்னைக் கேலியின்றிப் பார்க்கும் சக ஓவியர்களும் தந்தது. சென்னை கன்னிமாரா ஓட்டலுக்காக அவர் பெரிய அளவு ஓவியங்களைத் தீட்டியதும் அக்காலத்தில்தான். இருந்தும், தனிமை விலகவில்லை. 1973-இல் அந்தக் கிராமத்திலேயே அவர் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். கலைஞர்களின் கூட்டுறவு செய்யக்கூடியதை அது செய்தது. முறையான மனநல மருத்துவமும் தொடர் கவனிப்பும் அதன் கைக்கு எட்டாதவை. இன்றும் நம் சிற்றூர்களில் அவை எத்தனை பேருக்கு எட்டுகின்றன?

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒருமுறை தேர்வுத்தாள் திருத்தும்போது, தேவைக் கோட்டுக்கும் அளிப்புக் கோட்டுக்கும் அருகே ஒரு மாணவன் சுரங்கத்தின் வாளிச் சக்கர இயந்திரத்துக்குச் சிறகு பூட்டி, மேகங்களுக்கிடையே பறக்க விட்டிருந்தான். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு அடுத்த பக்கம் திருப்பினேன். அவன் எழுதிய விடை எனக்கு நினைவில்லை. அந்த இயந்திரம் நினைவில் இருக்கிறது. பள்ளிகளில் ஓவியப் பாடவேளையைக் கணக்காசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் செய்தியைக் கேட்கும்போதெல்லாம் அது கண்முன் வந்து போகும்.

இறந்தபின் ராமானுஜத்தின் மதிப்பு ஏறியது. அவருடைய வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு சி. மோகன் விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம் என்ற நாவலை எழுதினார். படங்கள் ஏலங்களுக்கும் வருகின்றன. ஓவியத்தின் மூலப்படி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும்போது படைத்தவருக்கோ வாரிசுகளுக்கோ பங்கு உண்டு என்று நமது பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அப்பங்கு பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதைக் கேட்டுப் பெறும் ஓவியர்கள் அரிது.

சென்ற நவராத்திரி விடுமுறையில் பேத்தியுடன் சோழமண்டலம் சென்றிருந்தேன். தொப்பிக்காரரைப் பற்றி வழியெல்லாம் சொல்லியிருந்ததால், உள்ளே நுழைந்ததும் அவள் அவரைத் தேடத் தொடங்கிவிட்டாள். ஊர் திரும்பும்போது பேருந்துப் பயணச்சீட்டின் பின்புறத்தில் அவளே ஒரு தொப்பி வரைந்தாள். அதற்கடியில் முகம் இல்லை. நான்கு கால்கள் இருந்தன. யார் இது என்று நான் கேட்கவில்லை.