நெஞ்சொடு பேச மறந்தோர்

தீயோர் என்றதும் கோரப் பல்லும் குருதிக் கண்ணும் உடைய அரக்கரையே நம் மனம் கற்பித்துக் கொள்கின்றது. அக்கற்பனையைக் கலைத்தவர்களுள் ஹன்னா ஆரென்ட் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். ஆசிரியத் தொழிலிலே காலங் கழித்த எனக்கு அவர் வரலாற்றில் தனி ஈடுபாடு உண்டு.

அம்மையார் 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி, ஜேர்மனியில் ஹனோவர் நகரையடுத்த லிண்டனில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தத்துவஞானி கான்ற் வாழ்ந்த கோனிஸ்பேர்க் நகரில் வளர்ந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஹைடெகர், யாஸ்பர்ஸ் என்னும் பேராசான்களிடம் மெய்யியல் பயின்று, அகுஸ்தீனார் அன்பைப்பற்றிக் கொண்ட கருத்தை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1933இல் ஹிட்லர் ஆட்சி ஏறினான். கற்றோர் பலர் அவ்வாட்சிக்கு இசைந்தனர். ஹைடெகரே நாசிக் கட்சியிற் சேர்ந்தார். பெருங்கல்வியும் மனிதனைக் காவாது போகலாம் என்பதை அம்மையார் அன்றே கண்டார். அவ்வாண்டிற் சில நாள் சிறையிருந்து, பின் பாரிசுக்குத் தப்பினார். 1940இல் குர்ஸ் தடுப்பு முகாமில் அடைபட்டு, அங்கிருந்தும் தப்பி, 1941இல் நியூயோர்க்கை அடைந்தார். சர்வாதிகாரத்தின் தோற்றுவாயை ஆராயும் பெருநூலை 1951இல் வெளியிட்டார்.

யூதரைப் புகையிரதங்களில் ஏற்றிக் கொலைமுகாம்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்த ஐக்மன் 1961இல் ஜெருசலேமில் விசாரிக்கப்பட்டான். சஞ்சிகையொன்றின் சார்பில் அம்மையார் அங்குச் சென்றார். கண்ணாடிக் கூண்டினுள் அவர் கண்டது அரக்கனையன்று. பதவி உயர்வில் நாட்டமும், தேய்ந்த காரியாலயச் சொற்களும் உடைய ஓர் உத்தியோகத்தனையே. பிறர் நிலையில் நின்று எண்ணும் ஆற்றல் அவனிடம் இல்லை என்பது அவர் கணிப்பு. 1963இல் நூலாக வந்த அக்கருத்துக்குக் கடுங்கண்டனம் எழுந்தது. நெடுநாள் நண்பர் ஷோலமும் விலகினார்.

ஆர்ஜென்றீனாவில் மறைந்து வாழ்ந்த காலத்தில் ஐக்மன் பேசிய ஒலிப்பதிவுகளைப் பின்வந்தோர் ஆராய்ந்தனர். அவன் யூதப்பகையை உளமார உடையவன் என்பது தெளிவாயிற்று. எனவே அவனளவில் அம்மையார் கணிப்புக் குறையுடையதே. எனினும் பெயர்ப்பட்டியல் தட்டெழுதியோரும், கையொப்பமிட்டோரும், வண்டி செலுத்தியோரும் எல்லாரும் பகையால் எரிந்தவரல்லர். மாலையில் வீடு சென்று மக்களைக் கொஞ்சியவர் அவருள்ளும் இருந்தனர். அவரை நோக்க அம்மையார் கருத்து இன்றும் வலியுடையது.

சிந்தித்தல் என்பது ஒருவன் தன்னோடு தான் உரையாடுதல் எனச் சோக்கிரதர் வழிநின்று அவர் விளக்கினார். நம் அகப்பொருளார் நெஞ்சொடு கிளத்தல் என்னுந் துறையைக் காதலுக்கு வகுத்தனர். அம்மையாரோ அத்தகையதொன்றை அறத்துக்கு வேண்டினார். சிந்தனை தீமையைத் தடுக்குமா என்ற வினாவோடு தொடங்கிய அவர் இறுதி நூலின் மூன்றாம் பகுதி தலைப்பளவில் நிற்க, 1975ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி காலமானார்.

பணிவையும் மனனத்தையும் நாம் மாணவர்க்குப் பயிற்றுகின்றோம், அவை வேண்டுவனவே. ஆயினும், ஏன் என்று வினவும் மாணவனை அடக்கி அமர்த்துந்தோறும், அவன் நெஞ்சின் குரலையும் உடன் அடக்குகின்றோமோ என்பதை ஆசிரியராகிய நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.