கதிர்களை இனங்கண்ட இரதபோட்

நியூசிலாந்தில் நெல்சன் நகருக்கு அணித்தான பிறைற்வாட்டர் என்னும் சிற்றூரில், 1871 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30 இல், பன்னிரு மக்களுள் நான்காமவராகப் பிறந்தவர் ஏணெஸ்ற் இரதபோட். தந்தை வண்டிச் சில்லுச் செய்யும் தொழிலறிந்தவர், தாய் ஆசிரியை. முதலில் தெரிவானவர் விலகிக்கொண்டமையாற் கிடைத்த புலமைப்பரிசிலோடு 1895 இல் கேம்பிரிட்ஜ் சென்று, ஜே. ஜே. தொம்சனுக்கு மாணவரானார்.

யுரேனியத்தினின்று புறப்படும் கதிர்களைப் பெக்கெரல் 1896 இற் கண்டிருந்தார். அவை ஒரே வகையினவா என்று ஆராய இரதபோட் கைக்கொண்ட வழி மிக எளியது. மெல்லிய அலுமினியத் தகடுகளை யுரேனியத்தின்மேல் ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, கதிர்களால் வளியில் உண்டாகும் மின்னோட்டத்தை அளந்தார். முதற் சில தகடுகளிலேயே ஓட்டம் விரைந்து குன்றியது. எஞ்சியதோ மேலும் தகடுகள் வைத்தும் எளிதிற் குறைந்திலது. எளிதில் தடைப்படுவது அல்பா, ஊடுருவுவது பீற்றா என்று அவர் பகுத்த முடிவு, கனடாவிற் பேராசிரியராக அமர்ந்தபின் 1899 இல் வெளிவந்தது. 1900 இல் வில்லார் கண்ட மூன்றாம் வகைக்குக் காமா எனப் பெயரிட்டவரும் இவரே. கிரேக்க நெடுங்கணக்கின் முதல் மூன்றெழுத்துக்கள், அவ்வளவே. பொருளின் இயல்பை அறியுமுன் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாத அடக்கம் அப்பெயர்களில் உண்டு. மின்னேற்றம் நீங்கிய அல்பா ஈலியமே என்று மஞ்செஸ்ரரில் ஐயமற நிறுவுதற்கு 1908 இன் இறுதி ஆயிற்று. பௌதிக அறிஞராகிய அவருக்கு இரசாயன நோபெல் பரிசு கிடைத்ததும் அவ்வாண்டிலேதான்!

அல்பாத் துணிக்கை நாகசல்பைட்டுத் திரையில் மோதும்போது ஒரு சிறு பொறி தோன்றும். இருட்டறையில் அமர்ந்து, நுணுக்குக்காட்டியினூடே அப்பொறிகளை எண்ணல்வேண்டும். அதற்கு இரதபோட்டிடம் பொறுமை போதாது. எண்ணியவர்கள் கைகரும் மாணவர் மாஸ்டனும். அவ்வெண்ணிக்கையினின்றே 1911 இல் அணுக்கரு என்னும் கருத்துப் பிறந்தது.

ஆயினும் கண் ஏமாற்றும். இரதபோட் நைதரசன் அணுவை உடைத்த செய்தி 1919 இல் வெளிவந்தபின், வேறு பல மூலகங்களும் உடைவதாக வியன்னா ஆய்வாளர் கூறினர். கேம்பிரிட்ஜில் அவை தென்படவில்லை. ஆண்டுக்கணக்காகப் பூசல் நீண்டது. 1927 டிசம்பரில் இரதபோட்டின் துணைவர் சட்விக் அங்குச் சென்று, எதனை ஆராய்கின்றோம் என்பதை எண்ணுவோர் அறியாதவாறு செய்து எண்ணச் செய்தார். கண்டதாகச் சொல்லப்பட்டவை மறைந்தன. பொய்யுரைத்தவர் எவருமிலர், எதிர்பார்ப்பே கண்ணில் ஏறிநின்றது. கேம்பிரிட்ஜ் இதனை ஊரறியப் பறைசாற்றாமல் விட்டது பெருந்தன்மை என்றே கொள்வேன்.

அதன்பின் கண்ணின் இடத்தை மின் எண்ணிகள் பற்றிக்கொண்டன. 1932 இற் சட்விக் நியூத்திரனைக் கண்டார். அதற்கும் காமாவுக்கும் மின்னேற்றம் இல்லை. இரண்டும் கலந்துவரின் பிரித்தறிதல் அரிது. ஒளிர்பொருளில் அவை எழுப்பும் துடிப்பு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதுகொண்டு, கற்குந்திறன் ஊட்டப்பெற்ற மின்சுற்றுக்கள் இன்று அவற்றைப் பகுக்கின்றன. எந்தத் துடிப்பு எதனுடையது என்று அச்சுற்றுக்களுக்கு முதலிற் காட்டிக்கொடுப்பவன் பெரும்பாலும் மனிதனே. வியன்னாவின் இருட்டறை இங்கே நினைவுக்கு வருகிறது.

இரதபோட் 1937 ஒக்டோபர் 19 இல் கேம்பிரிட்ஜில் மறைந்தார். அவரது அஸ்தி வெஸ்ட்மின்ஸ்ரர் தேவாலயத்தில் நியூற்றனின் கல்லறைக்கருகே அடக்கஞ் செய்யப்பட்டது.