கொள்ளைநோயை எதிர்த்த ஹாப்கின்

கருங்கடற் கரையிலுள்ள ஒடெசா என்னும் துறைமுகப் பட்டினத்தில், 1860ஆம் ஆண்டில், யூதர் குடும்பமொன்றில் வால்டெமர் ஹாப்கின் பிறந்தார். அந்நகர் அன்று ருஷியப் பேரரசைச் சேர்ந்திருந்தது. இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. அங்கே மெச்னிக்கோவ் என்னும் பேரறிஞரிடம் விலங்கியல் பயின்றார். யூதராய்ப் பிறந்தமையால் அவருக்கு ஆசிரியப் பதவி கிட்டவில்லை. ஆகவே பாரிஸ் சென்று, 1889இல் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் நூல்நிலையப் பணியொன்றை ஏற்றார். எஞ்சிய நேரத்தில் வாந்திபேதிக் கிருமிகளை ஆராய்ந்தார். 1892 ஜூலை 18ஆம் நாள், தாம் ஆக்கிய தடுப்பு மருந்தைத் தம் உடலிலேயே முதலில் ஏற்றிக்கொண்டார்.

மறு ஆண்டு அவர் இந்தியா வந்தார். மருந்தை ஆக்குவதினும் அதனை மக்கள் ஏற்குமாறு செய்வது அரிது என்பதை இங்கேதான் அவர் உணர்ந்தார். நோயுற்றவன் மருந்தை நாடுவான். நலமாக இருப்பவன் ஊசிக்கு ஏன் உடன்பட வேண்டும்? அதிலும் ஊசியோடு வருபவர் வேற்று நாட்டவர். மக்கள் ஐயுற்றது இயல்பே. கல்கத்தாவில் வங்காள மருத்துவர்களைத் துணையாகக் கொண்டு அவர் சேரிகளுக்குச் சென்றார். மக்கள் காண, அவர்கள் முதலில் தாமே ஊசி குத்திக்கொண்டனர். 1894 மார்ச்சில் காட்டல் பாகான் என்னும் சேரியில் வாழ்ந்த ஏறத்தாழ 200 பேருள் 116 பேர் முன்வந்தனர். பின்னர் அங்கே பதின்மரை வாந்திபேதி பற்றியது; எழுவர் இறந்தனர். அப்பதின்மரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். அதன்பின் மக்களே அவரை நாடி வந்தனர்.

1896இல் பம்பாயில் பிளேக்கு நோய் தோன்றியது. இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். அதிகாரிகள் வீடுகளைச் சோதித்து, நோயுற்றோரை வலிந்து கொண்டுபோயினர். இதனால் அச்சம் பெருகியதேயன்றி நோய் குறையவில்லை. நோயாளிகளை மறைத்து வைக்கும் வழக்கமே வளர்ந்தது. ஹாப்கினோ, கிராண்டு மருத்துவக் கல்லூரியில் ஓர் எழுத்தரும் மூன்று ஏவலாளரும் துணையாக, இரவு பகலாக உழைத்துப் பிளேக்குத் தடுப்பு மருந்தை ஆக்கினார். 1897 ஜனவரி 10ஆம் நாள் அதனையும் தம்மீதே சோதித்துக் கொண்டார். கடுங்காய்ச்சல் கண்டது, உயிர்க்கு ஊறு நேரவில்லை.

அந்நாளில் கோஜா முஸ்லிம்களின் தலைவராயிருந்த ஆகாகான் ஓர் இளைஞர். அவர் ஆராய்ச்சிக்கெனத் தம் மாளிகையொன்றை அளித்தார். அதனோடு அமையாது, தம் மக்கள் முன்னிலையில் தாமே ஊசி குத்திக்கொண்டார். அரசாங்க அறிக்கைகளுக்கு அசையாத ஆயிரக்கணக்கானோர் அவரைக் கண்டு முன்வந்தனர்.

இவ்வாறு அரிதின் ஈட்டிய நம்பிக்கைக்கு 1902இல் பேரிடர் நேர்ந்தது. அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபிலுள்ள மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவருள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேரும் இசிவு நோயால் மாண்டனர். பழி ஹாப்கின்மீது வீழ்ந்தது. பதவியினின்றும் அவர் விலக்கப்பட்டார். உண்மையில், ஊரில் புட்டியைத் திறந்தபோது இடுக்கி தரையில் விழுந்தது. அதனைச் செவ்வையாகத் தூய்மை செய்யாமலே பயன்படுத்திவிட்டனர். ஆய்வுக்கூடத்தில் பிழை இருந்ததாக மெய்ப்பிக்க எவராலும் இயலவில்லை. எனினும் அவர்மீதிருந்த களங்கம் நீங்க ஐந்து ஆண்டுகள் ஆயின. மலேரியா ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் அவருக்காக வழக்காடிய பின்னரே, 1907இல் அவர் குற்றமற்றவர் என அரசு ஒப்பியது.

அவ்வாண்டே அவர் கல்கத்தாவுக்குத் திரும்பினார். ஆயினும் பம்பாயில் தாம் தோற்றுவித்த ஆய்வுக்கூடத்தின் தலைமை அவருக்கு மீண்டும் கிட்டவில்லை. பின்னர் ஐரோப்பா சென்றவர், 1930இல் சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் காலமானார். பரேலில் உள்ள அந்த ஆய்வுக்கூடத்திற்கு, அவர் வாழ்நாளிலேயே, 1925இல் ஹாப்கின் நிலையம் எனப் பெயரிட்டனர்.