700 ரூபாயில் தொடங்கிய ரசாயனத் தொழில்

புதுடெல்லி: வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய், இன்றைய வங்கதேசப் பகுதியில் 1861-ல் பிறந்தவர். எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றிருந்தும், 1889-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது 250 ரூபாய்ச் சம்பளத்தில் தற்காலிகப் பணியே.

பட்டதாரிகள் எழுத்தர் வேலையையே நாடுவது கண்டு வருந்திய அவர், 1892-ல் 700 ரூபாய் முதலீட்டில் தாம் குடியிருந்த வீட்டிலேயே மருந்து தயாரிக்கத் தொடங்கினார். மொட்டை மாடியில் மாட்டெலும்புகளைக் காய வைத்ததால் அண்டை வீட்டார் சீறியதும் உண்டு. 1901-ல் அது பெங்கால் கெமிக்கல் நிறுவனமாக வளர்ந்தது.

பழஞ்சுவடிகளை ஆராய்ந்து அவர் எழுதிய இந்து வேதியியல் வரலாற்றின் முதல் தொகுதி 1902-ல் வெளியாயிற்று. கற்றோர் கைத்தொழிலை இழிவாகக் கருதி, அதனைச் சில சாதிகளிடம் தள்ளிவிட்டதே இந்திய அறிவியல் தேங்கக் காரணம் என்று அதில் வாதிட்டார். பழம்பெருமை பேசுவோருக்கு இனிக்காத முடிவு அது.

1921 முதல் பல்கலைக்கழகச் சம்பளம் முழுவதையும் ஆய்வுப் பணிகளுக்கே விட்டுக்கொடுத்தார். மணம் செய்துகொள்ளாமல் அறிவியல் கல்லூரியின் ஓர் அறையில் வாழ்ந்தவர், 1944-ல் அங்கேயே காலமானார்.