வெள்ளைக்கார கம்பெனி திவால்! பறிகொடுத்தவர்களைத் திரட்டி பேங்க் தொடங்கிய மயிலாப்பூர் வக்கீல்

சந்தவாசல்—

படவேடு ரேணுகாம்பாள் கோவிலுக்குப் போய் வருகிறவர்களுக்கு சந்தவாசல் பஸ் நிறுத்தம் நன்றாகத் தெரியும். ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர்.

இங்கே டீக்கடை பெஞ்சில் 10 நிமிடம் உட்கார்ந்தால் போதும். ஆரணி, வேலூர் பக்கத்தையே கலக்கிய 2022-ம் வருட நிதி நிறுவன மோசடி பேச்சு தானாக வந்து விழும். மாதா மாதம் கொழுத்த வட்டி என்றார்கள். நகையை விற்றுப் போட்டவர்கள் உண்டு. நிலத்தை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. கடைசியில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மனுவோடு வரிசை!

இதே மாதிரி ஒரு இடி 1906-ல் சென்னைப் பட்டணத்தில் விழுந்தது. அப்போது ஒரு மனிதர் செய்த காரியத்தைத்தான் இங்கே சொல்ல வந்தோம். அவர் பெயர் வி.கிருஷ்ணசாமி அய்யர்.

மூடிய கதவு

1906-ம் வருடம் அக்டோபர் 22-ந்தேதி. சென்னை கடற்கரை சாலையில் இருந்த அர்பத்நாட் கம்பெனி பட்டப்பகலில் திவால் ஆனது.

பாரி, பின்னி, அர்பத்நாட் இந்த மூன்றும்தான் அன்று பட்டணத்தின் பெரிய வெள்ளைக்கார கம்பெனிகள். அதிலும் அர்பத்நாட் என்றால் கல்லுக்கோட்டை என்று நம்பியிருந்தார்கள். பென்ஷன்காரர், குமாஸ்தா, வியாபாரி என்று எல்லாரும் இருந்ததைக் கொண்டு போய்க் கொட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரன் ஏமாற்ற மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

என்னாச்சு? இந்தக் கம்பெனியின் லண்டன் கூட்டாளி மேக்ஃபேடியன் என்பவர், போட்ட பணத்தை எல்லாம் ஊக வாணிபத்தில் தொலைத்துவிட்டார். கணக்கு கைமீறிப் போனதும் லண்டனில் ரெயில் முன் பாய்ந்து தற்கொலை செய்து கொண்டார். இரண்டே நாளில் சென்னையில் கதவு மூடியது.

பிடித்தார் பிடி

கிருஷ்ணசாமி அய்யர் தஞ்சாவூர் சீமைக்காரர். 1863-ல் திருவிடைமருதூரில் பிறந்தவர். அப்பா முன்சீப். கும்பகோணத்திலும் சென்னையிலும் படித்துவிட்டு வக்கீல் போர்டு மாட்டினார். ஆரம்பத்தில் கேஸே கிடையாதாம். பிறகு ஏறிய ஏற்றத்தில், மயிலாப்பூரில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. காங்கிரசில் மிதவாதி கோஷ்டிக்கு தூண். முன்கோபியும்கூட. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

பணம் போட்டவர்கள் தரப்பில் அவர் கோர்ட்டு ஏறினார். கம்பெனியின் வண்டவாளம் வெளியே வந்தது. கஜானா காலி என்று தெரிந்த பிறகும் ஜனங்களிடம் டெபாசிட் வாங்கியிருக்கிறார்கள்!

கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 1907-ல் 18 மாத கடுங்காவல் கிடைத்தது. சர் பட்டம் வாங்கிய வெள்ளைக்காரர் ஜெயிலுக்குப் போவதை அன்றைக்கு யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

எங்களைப் போல கிரைம் செய்தி எழுதுகிறவர்களுக்கு இதோடு வேலை முடிந்தது. தீர்ப்பு வந்தால் பேனாவை மூடி விடுவோம். ஆனால் அய்யர் தீர்ப்புக்காகக் காத்திருக்கவே இல்லை.

சூடு பட்ட பூனைகள்

கம்பெனி விழுந்து 2 வாரம்கூட ஆகவில்லை. நம்ம ஆட்கள் நடத்துகிற பேங்க் ஒன்று நமக்கு வேண்டும் என்று அவரும் நண்பர்களும் அறிக்கை விட்டார்கள். அன்றைக்கு இருந்த பெரிய பேங்க் சென்னை பேங்க். அதன் நிர்வாகம் வெள்ளைக்காரர் கையில்தான்.

யோசித்துப் பாருங்கள். முந்தின மாதம்தான் இருந்ததைப் பறிகொடுத்து வயிற்றில் அடித்துக் கொண்டு அழுத ஊர் அது. சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகுமா? அந்த ஜனங்களிடமே போய், பங்கு வாங்குங்கள், மறுபடி பணம் போடுங்கள் என்று கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் கை கொடுத்தார்கள். ராஜா அண்ணாமலை செட்டியாரின் அண்ணன் ராமசாமி செட்டியார் முதல் டைரக்டர்களில் ஒருவர். வட்டிக் கணக்கு தெரிந்தவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். இந்த ஜோடிதான் காரியத்தை முடித்தது என்பது நம் அபிப்பிராயம்.

1907 மார்ச் 5-ந்தேதி கம்பெனி பதிவானது. அதே வருடம் ஆகஸ்டு 15-ந்தேதி இந்தியன் பேங்க் கதவைத் திறந்தது. அர்பத்நாட் மூடி 10 மாதம்தான் ஆகியிருந்தது! ஆகஸ்டு 15 சுதந்திர தினமாக ஆனது அதற்கு 40 வருடம் கழித்துத்தான்.

பாரதியாருக்கு 15 ஆயிரம்

அதே 1907-ல் இன்னொரு சங்கதி. தீவிரவாதி கோஷ்டியில் இருந்த பாரதியார், மிதவாதிகளைப் பத்திரிகையில் வாங்கு வாங்கு என்று வாங்கிக் கொண்டிருந்த நேரம். ஜி.ஏ.நடேசன் அவரை அய்யர் வீட்டுக்கே அழைத்துப் போனார். பாரதியார் பாடினார். அய்யர் உருகிப் போனார். கட்சியாவது, கோஷ்டியாவது! பாட்டுகளை 15 ஆயிரம் பிரதி சொந்தச் செலவில் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்.

மயிலாப்பூர் சமஸ்கிருத கல்லூரி, வெங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலை இரண்டும் அவர் தொடங்கியவை. 1909-ல் ஐகோர்ட்டு நீதிபதி ஆனார். 1911-ல் கவர்னரின் நிர்வாக சபையில் உறுப்பினர். இன்றைய கணக்கில் மந்திரி மாதிரி. அந்த வருடமே டிசம்பர் 28-ந்தேதி காலமானார். வயது 48தான். பேங்க் திறந்து 4 வருடம்தான் ஆகியிருந்தது.

அவர் இல்லாமலே பேங்க் நின்றது. 1969-ல் அரசாங்கம் எடுத்துக் கொண்ட 14 பேங்குகளில் அதுவும் ஒன்று. 2020-ல் அலகாபாத் பேங்க்கே இதனோடு இணைந்தது.

சென்னையில் செனட் ஹவுஸ் பக்கம் போகிறவர்கள் அங்கே நிற்கிற அவர் சிலையைப் பார்க்கலாம். கடற்கரை சாலையில் அர்பத்நாட் கம்பெனி இருந்த இடம்? அதை வாங்கியது இந்தியன் பேங்க்தான். அதன் தலைமை அலுவலகம் அங்கேதான் எழுந்தது.