துரோகி என்ற சொல்லும் தேவசகாயம் நடந்த வழியும்

பெரிய வெள்ளியன்று சிட்னியிலும் மெல்பேர்ணிலும் எம்மவர் சிலுவைப் பாதைத் தியானத்திற் கூடும்போது, இயேசுநாதரின் இறுதி நாள்கள் நிலை நிலையாக நினைவுகூரப்படுகின்றன. அந்நாள்களின் பொருளை, எமது மண்ணுக்கு அண்மையில் வாழ்ந்து அதே வழியில் நடந்த ஒருவரின் வரலாற்றினூடாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் நீலகண்டபிள்ளை எனப் பிறந்து தேவசகாயம் என்னும் பெயரோடு உயிர் துறந்தவர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களில் அவர் கதை நாட்டுக்கூத்தாக ஆடப்பட்டு வந்தமையால் எம்மிடையே முதியோர் பலர் அவரை அறிவர். புலம்பெயர்ந்த மண்ணில் வளரும் பிள்ளைகளுக்கோ அவர் அந்நியர்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில், 1712 ஏப்ரல் 23ஆம் நாள் அவர் பிறந்தார். அன்று அப்பகுதி திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. உயர்குலத்தில் தோன்றிக் கல்வியும் படைக்கலப் பயிற்சியும் பெற்ற அவர், மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரியாகப் பணியாற்றினார்.

அவரது வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சிக்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1741இல் இலங்கையிலிருந்து சென்ற ஒல்லாந்தர் படை குளச்சலில் தோல்வியுற்றது. அப்படையைச் சேர்ந்த டிலனாய் சிறைப்பட்டான். போர்க்கைதியாகிய அவனையே மன்னர் தம் படைக்குப் பயிற்சி அளிப்பவனாக ஏற்றுக்கொண்டார். கத்தோலிக்கனாகிய டிலனாயோடு நீலகண்டர் நட்புக் கொண்டார். அந்நாளில் ஆடுமாடுகளும் பொருளும் இழந்து மனம் நொந்திருந்த அவருக்கு, அனைத்தையும் இழந்தும் இறைவனைத் துறவாத யோபுவின் வரலாற்றை டிலனாய் எடுத்துரைத்ததாகக் கூறுவர். 1745 மே 14ஆம் நாள், வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் அவர் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற விவிலியப் பெயரின் பொருளைத் தழுவி தேவசகாயம் எனப் பெயரிடப்பட்டார். அவர் மனைவி பார்கவியும் பின்னர் ஞானப்பூ அம்மாள் ஆனார்.

நான்காண்டுகள் செல்லுமுன் பகை மூண்டது. குலப்பிரிவு கடுமையாகப் பேணப்பட்ட அரசில், ஓர் அரண்மனை அதிகாரி தாழ்த்தப்பட்டோருடன் சமமாகப் பழகியமை பலருக்குப் பொறுக்கவில்லை. 1749 பெப்ரவரி 23ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். சமயத்தை இகழ்ந்தார் என்பதோடு, அரசின் மறைபொருள்களை அந்நியருக்கு வெளியிட்டார் என்றும் குற்றஞ் சாட்டப்பட்டார். ஒரே சொல்லிற் கூறின், அவர் துரோகி எனப்பட்டார்.

இவ்விடத்தில் எருசலேமை நினைத்தல் தகும். கயபாவின் சபையில் இயேசு மீது சுமத்தப்பட்டது தெய்வநிந்தனைக் குற்றம். ஆனால் உரோமை ஆளுநன் பிலாத்து அதற்காக மரண தண்டனை விதிக்கமாட்டான் என்பதை அச்சபையினர் அறிவர். ஆகவே பொழுது விடிந்து பிலாத்துவின் முன் நின்றபோது குற்றச்சாட்டு வேறு ஆடை அணிந்து வந்தது. வரி செலுத்த வேண்டாமென மக்களைத் தூண்டினார், தம்மை அரசன் என்றார், இராயனுக்கு எதிரி என்றனர். மெய்யாகவே கலகத்திற் கலந்துகொண்டு சிறையிலிருந்த பரபாஸ் விடுதலை பெற்றான். படை திரட்டாத ஒருவர் கலகக்காரராகச் சிலுவையில் அறையப்பட்டார்.

தேவசகாயம் சிறையிலிருந்த காலத்தில், 1750இல், மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைத் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, அத்தெய்வத்தின் அடியவராக அரசாளத் தொடங்கினார். நாடே தெய்வத்தின் உடைமையான பின்னர், சமயம் மாறியவனுக்கும் அரசுக்கு எதிரானவனுக்கும் இடையிலிருந்த கோடு மேலும் மெலிந்துபோனது.

இயேசு எருசலேமுக்குள் நுழைந்தது கழுதையின்மேல். தேவசகாயத்தை ஊரூராகக் கொண்டுசென்றதோ எருமைமேல், முதுகுப்புறம் முகம் திருப்பி அமர்த்தி. எருமை யமனின் ஊர்தி என்பதைக் கண்டோர் அனைவரும் அறிவர். உடலிற் செம்புள்ளியும் கரும்புள்ளியும் குத்தி, கழுத்தில் எருக்கம்பூ மாலை சூட்டினர். அடித்த காயங்களில் மிளகாய்ப் பொடி தூவி வெயிலில் நிறுத்தினர் என மரபுரைகள் கூறுகின்றன. முட்கிரீடமும் செவ்வாடையும் உரோமைப் போர்வீரருக்கு எதற்குப் பயன்பட்டனவோ, எருக்க மாலையும் எருமையும் இங்கு அதற்கே பயன்பட்டன. ஒருவனைக் கொல்லுமுன் அவனை நகைப்புக்குரியவன் ஆக்கிவிட்டால், அவன் மரணம் எவருக்கும் உறுத்தாது.

தேவசகாயம் மதத்தின் பொருட்டுத் தண்டிக்கப்படவில்லை, அரச குற்றத்திற்காகவே தண்டிக்கப்பட்டார் என வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர். இவ்வாதம் எம்மவருக்குப் புதிதன்று. இனம், மதம், தேசியம், குறித்த சமூகக் குழுவிற் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவார் என்ற தகுந்த அச்சம் உடையவரே அகதி என்கிறது 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. 1954இல் அதை ஏற்ற அவுஸ்திரேலியாவில், தஞ்சம் கோருவோர் எதிர்கொள்ளும் வினாவும் இதுவே: உம்மை விரட்டியது துன்புறுத்தலா, சட்டத்தின் வழக்கமான தண்டனையா? துன்புறுத்துகின்ற எந்த அரசும் துன்புறுத்துகிறேன் என்று ஆவணத்தில் எழுதுவதில்லை. குற்றவாளியைத் தண்டிக்கிறேன் என்றே எழுதும்.

தேவசகாயத்தின் வழக்கில் இவ்வினாவுக்கு விடை தேட ஒரு வழி உண்டு. பழைய சமயத்திற்குத் திரும்பினால் விடுதலையும் பதவியும் கிட்டும் என அவரிடம் மீண்டும் மீண்டும் கூறப்பட்டதாக வரலாறு வழங்குகிறது. ஒற்றனை எந்த அரசும் வழிபாட்டை மாற்றிக்கொள் எனக் கேட்பதில்லை. மன்னிப்புக்கு என்ன விலை கேட்கப்பட்டது என்பதைப் பார்த்தால், எது குற்றமாகக் கருதப்பட்டது என்பது விளங்கும்.

இறுதியில் அவர் நாட்டின் எல்லையாகிய ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கும் மக்கள் அவரை நாடி வந்தனர். எல்லை கடந்து சென்று ஒளிய வழி இருந்தும் அவர் செல்லவில்லை என்பர். கெத்சமனித் தோட்டத்திலும் இதே நிலைதான். ஒலிவ மலையைக் கடந்தால் யூதேயப் பாலைநிலம், இருளில் மறைந்துவிடலாம். இயேசு மறையவில்லை. 1752 ஜனவரி 14ஆம் நாள் இரவு, காற்றாடி மலையில் போர்வீரர் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்று உடலைக் காட்டில் எறிந்தனர். அவருக்கு வயது முப்பத்தொன்பது. எஞ்சிய எலும்புகளைச் சில நாள்களின் பின் மக்கள் தேடி எடுத்து, கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

1756இல் கொச்சி ஆயர் இம்மரணத்தைப் பற்றி உரோமைக்கு அறிக்கை அனுப்பினார். தீர்ப்பு வருவதற்கு இரண்டரை நூற்றாண்டு சென்றது. 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15ஆம் நாள் உரோமையிற் பாப்பரசர் பிரான்சிஸால் புனிதராகவும் அவர் அறிவிக்கப்பட்டார். புனிதர் பட்டத்தின்போது பிள்ளை என்னும் குலப்பெயர் நீக்கப்பட்டது. அவரைத் துரோகி என்றவர்களின் சினத்திற்கு எது காரணமாயிருந்ததோ, அதுவே அவருக்குரிய மரியாதையாயிற்று.

துரோகி என்ற சொல்லின் பாரத்தை ஈழத்தமிழருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அரசும் அதைப் பயன்படுத்தியது. நாமும் எம்மவர்மீது அதை வீசியிருக்கிறோம். அச்சொல் விழுந்த இடத்தில் விசாரணை நின்றுவிடுகிறது. இயேசுவின் இறுதி நாள்களும் தேவசகாயத்தின் இறுதி நாள்களும் எமக்கு விட்டுச்சென்றுள்ள கடமை, அச்சொல்லைக் கேட்டவுடன் தலையசையாது, யார் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் எனக் கேட்பதாகும்.

உயிர் தப்பி வந்தோம், உடன் நிற்கவில்லை எனத் தம்மை நொந்துகொள்வோரும் எம்மிடையே உளர். அவர்கள் ஞானப்பூ அம்மாளை நினைக்கவேண்டும். கணவர் கொல்லப்பட்டபின் அவர் வடக்கன்குளத்தில் வாழ்ந்து 1766இல் மறைந்தார் எனக் கூறுவர். அங்கே அவரது கல்லறை உள்ளது. திருவிதாங்கூரின் எல்லைக்கு அப்பால், விதவையாக, உற்றார் ஊரை விட்டு, பதினான்கு ஆண்டுகள் அவர் உயிர் வாழ்ந்தார். நடந்ததை அறிந்த ஒருவர் எல்லைக்கு அப்பால் உயிரோடிருத்தலும் சாட்சியேயாகும்.