ஹெலன் தௌசிக் அம்மையார்

இருதயக் குறையுடன் பிறந்த குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் வைத்தியம் யாதும் இருந்ததில்லை. உதடும் நகமும் நீலம் பாரித்த அவர்கள் சில அடி நடந்ததும் மூச்சிளைத்துக் குந்தியிருப்பர். அக்குறையை இனங்காண வழிவகுத்த ஹெலன் தௌசிக் அம்மையாரின் வரலாற்றை நம் மாணவர் பொருட்டு ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1898ஆம் ஆண்டு அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிற் பிறந்த அம்மையார், 11ஆம் வயதிலே தாயை இழந்தார். எழுத்துக்கள் தடுமாறித் தோன்றும் குறையால் வாசிப்பு அவருக்குப் பெருந்துன்பமாயிற்று. தந்தையார் பொறுமையோடு கற்பித்தார். ஹாவார்ட் வைத்தியக் கல்லூரி அக்காலத்திற் பெண்களுக்குப் பட்டம் வழங்காமையால், பால்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்சிற் கற்று 1927இல் வைத்தியரானார். 1930இல் ஆங்குக் குழந்தைகளின் இருதய நோய்ப் பிரிவுக்குத் தலைமை பூண்டார். அக்காலத்திலேயே அவரது செவிப்புலன் குன்றியது. இருதய ஒலியைக் கேட்டறிய வேண்டியவருக்கு இதனினும் கொடிய இடர் வேறுண்டோ? அம்மையார் தளரவில்லை. குழந்தையின் மார்பில் விரல்களை வைத்துத் துடிப்பையும் அதிர்வையும் உணரப் பழகினார். எக்ஸ் கதிர்த் திரையின் முன் குழந்தையைப் பல பக்கமும் திருப்பி இருதயத்தின் வடிவை நோக்கினார்.

இங்ஙனம் ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. கருவிலிருக்கும் சிசுவின் பெருநாடியையும் சுவாசப்பை நாடியையும் இணைக்கும் குழாய் ஒன்று, பிறந்தபின் தானே மூடிக்கொள்ளும். நீலக் குழந்தைகள் சிலரில் அது மூடியதும் நோய் முற்றியது. அது திறந்தே இருந்தவர்கள் நன்னிலையில் இருந்தனர். ஆகவே, சுவாசப்பைக்குக் குருதி போதாமையே கேடு எனவும், அத்தகைய குழாயைச் செயற்கையாய் அமைத்தால் உயிர் காக்கலாம் எனவும் அவர் துணிந்தார். பொஸ்ரன் நகரத்துச் சத்திரவைத்தியர் ரொபேட் குரொஸ் இதற்கு இசையவில்லை. 1941இல் ஹொப்கின்சுக்கு வந்த அல்பிரட் பிளலொக் இசைந்தார். அவருடைய ஆய்வுகூட உதவியாளர், கல்லூரிப் படிப்பில்லாத கறுப்பினத்தவரான விவியன் தோமஸ், நாய்களிற் பரிசோதித்து முறையை வகுத்தார். 1944 நவம்பர் 29ஆம் திகதி முதற் சத்திரசிகிச்சை நிகழ்ந்தபோது, தோமஸ் பிளலொக்கின் பின்னே நின்று வழிகாட்டினார். அப்பெண் குழந்தை சில மாதங்களின் பின் இறந்ததெனினும், பின்வந்த பல்லாயிரவர் பிழைத்தனர். நெடுங்காலம் பிளலொக், தௌசிக் என்னும் இருவர் பெயராலேயே வழங்கிய அம்முறைக்கு இன்று தோமஸ் பெயரும் சேர்க்கப்படுவது நீதியே.

பிறவி இருதயக் குறைகள் பற்றிய அம்மையாரின் பெருநூல் 1947இல் வெளிவந்தது. 1986இல் மோட்டார் வாகன விபத்தில் அவர் காலமானார்.

கருவிகள் பெருகிய இந்நாளிலும், குழந்தையின் நிறத்தையும் மூச்சையும் அது குந்தும் விதத்தையும் கூர்ந்து நோக்கும் கண்ணே முதற் கருவியாகும். வைத்தியத் துறையை நாடும் நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.